மூணு கொட்டேஷன்

“ஆபீஸுக்குப் பேனா வாங்கறதுக்கே மூணு கொட்டேஷன் கேக்கற ஆளு நீங்க. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு ஒண்ணே ஒண்ணைக் கொண்டுவந்து நீட்டறீங்களே, இது நியாயமா?” என்று கேட்டார் டீச்சர். கணக்குப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அந்தக் காகிதத்தைக் கணவர் பக்கம் தள்ளினார்.

கணவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தொழிற்சாலை ஒன்றில் சாமான் வாங்கும் பிரிவுக்கு அவர் அதிகாரி. குண்டூசியானாலும் சரி, கொதிகலனானாலும் சரி, மூன்று கடைகளில் விலை கேட்பார். குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் கொடுப்பார். ஆபீஸில் அவருக்குக் ‘கொட்டேஷன்’ என்றே பெயர். அந்தப் பெயரை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதுதான் அவர் செய்த தவறு.

“ஆபீஸ் வேலையை வீட்ல பாக்கணும்மா. பழைய லேப்டாப்பைத் திறந்தாலே அதுக்கு மூச்சு வாங்குது,” என்றார்.

“வாங்க வேண்டாம்னா சொன்னேன்? வீட்டுப் பணத்துல எண்பதாயிரம் வரைக்கும் எடுத்துக்கலாம். ஆனா மூணு கொட்டேஷன் வரட்டும்.”

ஆபீஸ் வேலையாவது, மண்ணாங்கட்டியாவது! விஷயம் வேறு. அவர்களுடைய ஒரே மகள் படிப்புக்காக வெளியூர் போயிருந்தாள். போன் செய்தால், “சாப்ட்டியாம்மா?” “சாப்ட்டேன்பா.” “உடம்பு?” “நல்லாருக்குப்பா. வெச்சிடட்டா?” அவ்வளவுதான். அதே பெண் விடுமுறைக்கு வந்தபோது, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சிநேகிதிகளோடு லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடியபடி மணிக்கணக்காகப் பேசித் தீர்த்ததை அவர் கதவோரம் நின்று பார்த்தார். பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டார்.

“நீயும் வாப்பா, சேர்ந்து ஓட்டலாம். ஆனா அதுக்கு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் வேணும். அம்மா ஒத்துக்க மாட்டாங்களே,” என்றாள் மகள்.

அம்மா எப்படி ஒத்துக்கொள்வார்? பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூட்டிவைத்து, கம்ப்யூட்டர் விளையாட்டால் பிள்ளைகள் குட்டிச்சுவராகப் போவதைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியவர் டீச்சர். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டியவர் நம் கொட்டேஷன்.

ஆகவே எண்பதாயிரத்துக்குக் கம்ப்யூட்டர் கடை கொடுத்த உண்மையான கொட்டேஷனோடு இன்னும் இரண்டு வேண்டும். அவை எண்பதாயிரத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஆபீஸில் இந்தத் தகிடுதத்தத்தைச் செய்து தன்னிடம் பிடிபட்டவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். எப்படிப் பிடிபட்டார்கள் என்றும் தெரியும். அதனால் தான் பிடிபட மாட்டோம் என்று நம்பினார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த நண்பரிடம் ஒன்று வாங்கினார். ‘தெளிவு சென்டர்’ என்று மட்டும் தலைப்பில் இருந்ததால் எந்தக் கடை என்று யாருக்கும் தெரியாது. விலை தொண்ணூற்றைந்தாயிரம். மற்றொன்றைச் சைக்கிள் கடை நண்பர் எழுதிக் கொடுத்தார். அது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

டீச்சர் மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“இதுக்குள்ள எதுக்குங்க மூணு விசிறி?”

“கணக்கு ஜாஸ்தியா போட்டா சூடாகும்மா.”

“பெட்டிக்கு ஒரு பக்கம் ஏன் கண்ணாடி?”

“உள்ள தூசி படிஞ்சிருக்கான்னு பாக்கத்தான்.”

“கீபோர்டுல கலர் கலரா லைட்டு எரியுமாமே?”

“கரண்டு போச்சுன்னா?” என்றார் கொட்டேஷன். கரண்டு போனால் கீபோர்டும்தான் அணையும் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நல்லவேளையாக டீச்சர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

“இது என்ன, கடைசி வரியில ‘மணி, பூட்டு, ஸ்டாண்டு இலவசம்’னு போட்டிருக்கு?”

சைக்கிள் கடைக்காரரின் கை பழக்கதோஷத்தில் எழுதியது அது. கொட்டேஷன் குனிந்து அந்த வரியைப் படித்தார்.

“மெயில் வந்தா மணி அடிக்கும்,” என்றார்.

“பூட்டு?”

“ஆபீஸ் ரகசியம் இல்லையா?”

டீச்சர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு அந்தத் தாளை ஓரமாக வைத்தார். “இது விலை ஜாஸ்தி. வேண்டாம். இந்தத் தெளிவு சென்டர்ல பேசிப் பாக்கறேன்.”

“எதுக்கு? எண்பதாயிரம்தானே குறைச்சல்...”

“பேசினா காசா பணமா?” என்று சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. “எழுபதாயிரத்துக்குக் குடுக்கறாராம். தங்கமான மனுஷர்.”

கொட்டேஷன் தெருமுனைக்கு ஓடிப்போய் நண்பருக்குப் போன் போட்டார்.

“ஏண்டா, உங்கிட்ட இருக்கறது மூக்குக்கண்ணாடி! எந்தத் தைரியத்துலடா கம்ப்யூட்டரை எழுபதுக்குத் தரேன்னே?”

“வாய்ப் பழக்கம்டா. எங்க வியாபாரத்துல ரெண்டாயிரம்னு சொல்லி ஆயிரத்துக்குக் குடுக்கறதுதானே வழக்கம். ‘கடைசி விலை சொல்லுங்க’ன்னு யாராவது கேட்டாலே எனக்கு நாக்கு தானா இறங்கிடும்.”

குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர். விதியை மாற்றினால் ஏன் என்று கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியாது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குத் தெரியாமல், போனஸிலும் பயணப்படியிலும் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த பணம் ஒரு வங்கிக் கணக்கில் நாற்பதாயிரம் இருந்தது. அதிலிருந்து பத்தாயிரம் போட்டு, கம்ப்யூட்டர் கடையில் எண்பதுக்கு வாங்கிக் கண்ணாடிக் கடையில் இறக்கச் சொல்லலாம். நண்பர் அதை எழுபதுக்கு ‘விற்கட்டும்’. மகளோடு பேசுவதற்குப் பத்தாயிரம் ஒரு பணமா? கம்ப்யூட்டர் கடைக்குப் போய் முன்பணம் கட்டி, பெட்டியைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார்.

இரவு படுத்தபோது பத்தாயிரம் நெஞ்சை அறுத்தது. காலையில் நண்பருக்கு யோசனை சொன்னார்: “சரக்கு இப்ப இல்லைன்னு எங்க வீட்ல சொல்லிடு. எண்பதாயிரம் கொட்டேஷன் தன்னால ஜெயிச்சிடும்.”

நண்பர் சொன்னார். சாயங்காலம் டீச்சர் கணவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, “சரக்கு வர லேட்டாகுமாம். லேட்டானா உங்க ஆபீஸ்ல அபராதம் பிடிப்பீங்கல்ல? நானும் பிடிச்சிட்டேன். அறுபதாயிரம்,” என்றார்.

கொட்டேஷனுக்குக் காப்பி புரையேறியது.

“இவ்வளவு மலிவா குடுத்தா மட்டமான சாமானா இருக்கும்மா. வேண்டாம், அந்த எண்பதாயிரம் கடையிலயே வாங்கிடுவோம்.”

“அப்படியா? சரி, அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்,” என்று டீச்சர் போனை எடுத்தார்.

அந்தக் கடையில் முன்பணம் கட்டியது கொட்டேஷன் அல்லவா? “சார் ஏற்கெனவே வாங்கிட்டாரே” என்று யாராவது சொன்னால் மானம் கப்பலேறிவிடும்.

“வேண்டாம், வேண்டாம்! தெளிவு சென்டரே இருக்கட்டும். ரொம்ப நாணயமான கடை.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கொட்டேஷன்ல கையெழுத்து நேரா இருக்கு பாரு.”

“அப்ப ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டே வந்துடுவோம்,” என்றார் டீச்சர்.

மறுநாள் மதியம் கண்ணாடிக் கடை கம்ப்யூட்டர் கடையாக மாறியது. கண்ணாடி அலமாரிகளைப் படுக்கை விரிப்பால் மூடினார்கள். ஆபீஸில் கழித்துப் போட்ட இரண்டு பழைய மானிட்டர்களையும் ஒரு கீபோர்டையும் கொட்டேஷன் ஆட்டோவில் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினார். எல்லாம் சரி. சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து பொடிசாக இறங்கும் கண் பரிசோதனை அட்டையைக் கழற்றத்தான் இருவருக்கும் மறந்துவிட்டது.

டீச்சர் உள்ளே நுழைந்ததும் நேராக அதன் எதிரில் போய் நின்றார்.

“இது என்னங்க?”

“அது... மானிட்டர்ல எழுத்து எவ்வளவு சின்னதா தெரியும்னு காட்டறதுக்குங்க,” என்றார் நண்பர்.

டீச்சர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். “நல்ல மானிட்டர்,” என்றார்.

அப்போது பார்த்துப் பெரியவர் ஒருவர் தடவித் தடவிப் படியேறி வந்தார். “தம்பி, என் கண்ணாடி ரெடியா? கண்ணே தெரியலப்பா.”

“உங்க கண்ணாடி... உங்க கம்ப்யூட்டர் கண்ணாடி நாளைக்கு வந்துடும், போயிட்டு வாங்க,” என்று நண்பர் அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்.

“கம்ப்யூட்டரா? நான் பேப்பர் படிக்கத்தானே கேட்டேன்!”

கொட்டேஷன் பெரியவரின் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். அதற்குள் விலை ஐம்பதாயிரத்துக்கு இறங்கியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க,” என்று டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நண்பர் பரிதாபமாகக் கொட்டேஷனைப் பார்த்தார். நாக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. “நாற்பத்தஞ்சு... சரி, உங்களுக்காக நாற்பது.”

டீச்சரின் முதுகுக்குப் பின்னால் கொட்டேஷன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். எண்பதில் வீட்டுப் பணம் நாற்பது போனால் மீதி நாற்பதும் அவர் தலையில்தான். ரகசியக் கணக்கு துடைத்துவைத்த பாத்திரம்தான்.

எதிரே இருந்த மானிட்டரின் கண்ணாடிபோல் பளபளத்த கறுப்புத் திரையை டீச்சர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, “போதுங்க. இதுக்கு மேல கேட்டா பாவம்,” என்றார்.

அடுத்த சனிக்கிழமை கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து, மூன்று விசிறிகளும் சுழல, கீபோர்டில் வானவில் ஓட, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர், “நீங்க ஆபீஸ் வேலையைப் பாருங்க. நான் பொண்ணு ரூம்ல மேஜையை ஒழிச்சு வைக்கறேன், ஒரே குப்பை,” என்று துடைக்கும் துணியோடு போனார். கொட்டேஷன் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினார்.

“அப்பா! வந்துட்டியா!” என்று மகள் போட்ட கூச்சல் காதைத் துளைத்தது. அதைவிட இனிமையான சத்தத்தை அவர் சமீபத்தில் கேட்டதில்லை.

லாரியை எடுத்தவுடன் ஒரு பெட்ரோல் பங்கின்மேல் ஏற்றினார். மகள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். பிரேக் எது, கியர் எது என்று சொல்லிக்கொடுத்தாள். நடுநடுவே தானாகவே எல்லாம் வந்தது: கூட இருப்பவள் தூக்கத்தில் பாட்டுப் பாடுவது, ஒரு பரீட்சையில் கோட்டை விட்டது, முதல் மாதம் முழுக்கத் தலையணையில் முகம் புதைத்து அழுதது. போனில் ஒரு நாளும் சொல்லாதவை. கொட்டேஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பதாயிரம் என்ன, நாலு லட்சம் போயிருந்தாலும் தகும் என்று தோன்றியது.

“சரி, சரக்கை ஏத்திக்கிட்டு மலைக்குக் கிளம்பலாமா?” என்றார் உற்சாகமாக.

“இருப்பா. மலைக்கு மூணு லாரி போகணும். இன்னொருத்தர் வரணும்.”

“யாரு, உன் ஃப்ரெண்டா?”

“ஆமா, ரொம்ப நெருங்கின ஃப்ரெண்டு. அவங்களுக்கு இன்னைக்குத்தான் பெட்டி வருதாம்.”

வாசலில் மணி அடித்தது. கொட்டேஷன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் கடை வேன்! கண்ணாடிக் கடையில் பெட்டியை இறக்கிய அதே டிரைவர். குட்டு வெளிப்பட்டுவிடப் போகிறதே என்று ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

“யோவ், மெதுவா பேசு! இங்க ஏன்யா வந்தே? நான் ஒண்ணுதானே வாங்கினேன்?”

“உங்களுது அன்னைக்கே இறக்கியாச்சே சார். இது டீச்சரோடது. அதே மாடல்,” என்றபடி டிரைவர் பெரிய பெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.

கொட்டேஷன் திரும்பிப் பார்த்தார். மகளின் அறை வாசலில், துணியும் கையுமாக டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் புத்தம்புது ஹெட்போன் தொங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“டீச்சரோடதா?” கொட்டேஷன் டிரைவர் பக்கம் திரும்பினார். “இது... இது எப்பய்யா ஆர்டர் பண்ணினது?”

“போன மாசமே பாதிப் பணம் கட்டிட்டாங்க சார். மீதி நாற்பதைக் கேக்கறப்பல்லாம், ‘எங்க வீட்டுக்காரர் ஒளிச்சு வெச்சிருக்கற காசைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்துக்கிட்டிருக்கேன், பொறுங்க’ன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க.”