முட்டுக் கொடுத்த நாற்காலி

வீட்டு மின்சாதனக் கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக நின்றே குளிர்பெட்டி விற்றவர் அவர். பிரிவுத் தலைவருக்கு மட்டுமே உட்கார ஒரு சுழல் நாற்காலி உண்டு. அது காலியானதும் முதலாளியிடம் போய் நின்றார்.

“எங்க வீட்ல எல்லாமே கரண்ட் மிச்சப்படுத்தற அஞ்சு நட்சத்திரம் சார். ஊருக்குச் சொல்றத முதல்ல வீட்ல செஞ்சிடுவேன்.”

முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. “நாளைக்குப் பக்கத்துல நின்னு நீங்க வாடிக்கையாளர்கிட்ட பேசறதக் கேக்கறேன். அப்புறம் நாற்காலி உங்களுக்குத்தான்.”

இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். சொன்ன பொய்யை மட்டும் மறைத்துவிட்டார். ஏனெனில் வீட்டுக் குளிர்பெட்டிக்கு வயது இருபத்தொன்று. கதவு தானாக மூடாது. சமையலறை நாற்காலி ஒன்று ஓயாமல் முட்டுக் கொடுத்து நின்றது. மாற்றலாமே என்று அம்மையார் வாய்திறந்தால், “அதான் ஓடுதே” என்று பேச்சை முடித்துவிடுவார்.

மறுநாள் முதல் வாடிக்கையாளராக உள்ளே வந்தவர் அந்த அம்மையாரே.

“வணக்கம் சார்,” என்றார், முன்பின் அறியாதவர்போல. “எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இருபத்தொரு வருஷம் ஆச்சு. கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்திருக்கோம்.”

முதலாளி சிரித்துவிட்டார். இனி ‘இவர் என் மனைவி’ என்று சொல்ல விற்பனையாளருக்கு வழியில்லை.

“ஏம்மா மாத்தல?” என்றார் முதலாளி.

“வீட்டுக்காரர் விடமாட்டேங்கறார் சார். அதான் ஓடுதேங்கறார்.”

“கேட்டீங்களாய்யா? அம்மாவுக்கு நல்லா விளக்கிச் சொல்லுங்க.”

“அவருக்கும் ஏதாவது காரணம் இருக்கலாம்...” என்று இழுத்தார் விற்பனையாளர்.

“என்ன காரணம் சார்?”

முதலாளி கனைத்தார். விற்பனையாளர் வழக்கமான பாடத்தைத் தொடங்கினார்.

“விலை ஒரு தடவைதாம்மா. கரண்ட் பில்லு ஆயுசு பூரா. அந்தக் கிழட்டுப் பெட்டி குடிக்கிற கரண்ட்ல புதுசு ரெண்டு ஓடும். வீணாப் போற கரண்டுக்கும் எங்கேயோ கரி எரியுது. அந்தப் புகையெல்லாம் நம்ம பிள்ளைங்க தலையிலதான்.”

ஆயிரம் பேரிடம் ஒப்பித்த வாசகங்கள். அவர் காதில் அவை விழுந்தது அன்றுதான்.

“இவ்வளவும் தெரிஞ்சே ஒருத்தர் மாத்தாம இருந்தா, அவர என்னன்னு சொல்லுவீங்க சார்?”

அவர் தலை தாழ்ந்தது. “கஞ்சன்னு சொல்லலாம்மா.”

“அவ்வளவுதானா?”

“வறட்டுப் பிடிவாதக்காரன்னும்... சொல்லலாம்.”

“போதும் சார். பாவம் அவர்.”

முதலாளி ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். “வீட்டுக்காரர் ஒத்துக்குவாராம்மா?”

“ஒத்துக்கிட்டாரே சார். இப்பதான், உங்க முன்னாடியே.”

முதலாளி அம்மையாரைப் பார்த்தார். அடுத்து விற்பனையாளரைப் பார்த்தார். அஞ்சு நட்சத்திரக்காரரோ, காது மடல் சிவக்க, தம் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி எழுதி முடித்து ரசீதை விற்பனையாளரிடமே நீட்டினார்.

“நாற்காலி போச்சேன்னு வருத்தப்படாதீங்க. சாயந்தரத்துலேருந்து உங்க வீட்லயே ஒண்ணு காலியாகுதே.”