செல்லப்பா தேர்ந்தெடுத்த கறுப்புப் பட்டியல்

"இனிமே கேக்காம ஒரு மெயில்கூட இந்த வீட்டுக்குள்ள நுழையக் கூடாது!"

செல்லப்பா போட்ட சத்தத்துல மதில் மேல தூங்கிட்டிருந்த பூனை எகிறிக் குதிச்சு, ஜூ டவுன் தெருப் பக்கமா ஓடியே போயிடுச்சு.

இது நடந்தது இரண்டாயிரத்து நாலுல. செல்லப்பா கொச்சியில, மட்டாஞ்சேரியில ஒரு குறுமிளகுத் தரகர் ஆபீஸ்ல கிளார்க்கு. ஆனா உசிரெல்லாம் கம்ப்யூட்டர் மேல. வீட்டுக் கம்ப்யூட்டரையே சொந்தமா ஒரு தபாலாபீஸ் மாதிரி மாத்தி வெச்சிருந்தான். தினமும் காலையில அன்னிக்குக் குறுமிளகு விலையை முன்னூத்தி இருபது பேருக்கு அதுலருந்துதான் அனுப்புவான். யாரும் கேக்கலை. சேவை!

அன்னிக்கு வந்தது நூத்தி நாப்பத்தேழு மெயில். வழுக்கைக்கு மருந்து, லாட்டரியில பரிசு, செத்துப்போன ஏதோ மந்திரியோட பொண்டாட்டி எழுதின சோகக் கடிதம். அதுலயும் ஒன்பது பொண்டாட்டி. செத்தது ஒரே மந்திரிதான்!

"அக்கிரமம்! முன்னப்பின்ன தெரியாதவன் வீட்டுக்குள்ள வந்து குப்பையைக் கொட்டுறான், ஸ்வர்ணா!"

"எல்லாம் குப்பையா? அந்த வழுக்கை மருந்தை மட்டும் எடுத்து வையுங்க," அவன் பொண்டாட்டி ஸ்வர்ணலதா கப்பைக்கிழங்கைத் தோலுரிச்சுக்கிட்டே சொன்னா. "எங்கண்ணன்கூட மெயில் போட்டிருக்கானாமே?"

போட்டிருந்தார். நூத்தி நாப்பத்தேழுல அதுதான் செல்லப்பாவை ரொம்பக் கொதிக்க வெச்ச மெயில். ஸ்வர்ணாவோட அண்ணன் நல்லசிவம் மஸ்கட்டுல ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பாத்துக்கிறவர். 'மாப்பிள்ளை, லீவுக்குக் குடும்பத்தோட பதினெட்டாம் தேதி அங்க வர்றோம். சௌகரியப்படாதுன்னா ஒரு வரி மெயில் போடுங்க, ஹோட்டல் பாத்துக்கிறோம். இல்லேன்னா நேரா வீட்டுக்குத்தான்.'

போன தடவை வந்தப்போ, அவர் காலையிலருந்து ராத்திரி வரைக்கும் அதே கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாடினார். அவரோட கடைக்குட்டி, ஃப்ளாப்பி போடுற பொந்துல நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுப் பாத்துச்சு. செல்லப்பாவால ஒரு மாசம் கம்ப்யூட்டரைத் தொடவே முடியலை. இந்தத் தடவை முடியாது. சத்தமில்லாம 'சௌகரியப்படாது'ன்னு ஒரு வரி அனுப்பிட்டு, பதினெட்டாம் தேதி வாசலைப் பாத்து, "அச்சச்சோ, மச்சானைக் காணோமே"ன்னு வருத்தப்படறதா முடிவு பண்ணிட்டான்.

"வரட்டுமே, அதுக்கென்ன!" அப்படின்னான், பல்லெல்லாம் தெரிய.

எட்டு வருஷமா அந்தப் பல்லைப் பாத்துட்டிருக்கிறவ ஸ்வர்ணா. கப்பையை அடுப்புல ஏத்திட்டு, சாயாவோட வந்து பக்கத்துல உக்காந்தா.

"குப்பை மெயிலை எப்படிங்க தடுப்பாங்க?"

செல்லப்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கம்ப்யூட்டரைப் பத்தி அவ கேட்ட முதல் கேள்வி!

"கறுப்புப் பட்டியல்னு சர்வீஸ் இருக்கு, ஸ்வர்ணா. குப்பை அனுப்புற கம்ப்யூட்டர் நம்பரையெல்லாம் சேத்து வெச்சிருப்பாங்க. ஒரு மெயில் வந்ததும், நம்ம கம்ப்யூட்டர் அங்க விசாரிக்கும். பட்டியல்ல இருந்தா வாசலோட திருப்பி விட்டுரும். மூணு சர்வீஸ் பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு ரொம்பச் சாது, தீர விசாரிச்சுத்தான் சேக்கும். ஒண்ணு நடுத்தரம். மூணாவது இருக்கே..."

"சொல்லுங்க."

"ஒரே ஒரு புகார் போதும். விசாரணையே கிடையாது. தூக்கி உள்ள போட்டுரும்!"

"பாவம், நல்லவங்க மாட்டிக்கிட்டா?"

"நல்லவன் ஏன்டி மாட்டப் போறான்? மாட்டினா வேணும்! இதுதான் வேணும் நமக்கு."

"புகார் எங்க குடுக்கணும்?"

அந்தப் பக்கத்தையே தொறந்து காட்டினான். அவளும் நல்லாப் படிச்சுப் பாத்தா.

"இந்தப் பட்டியலோட விலாசத்தை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன். அண்ணனும் குப்பை மெயில் தாங்கலைன்னு புலம்புறான். அவன் கம்பெனியிலயும் போட்டுக்கட்டும்."

மச்சானே தன்கிட்ட யோசனை கேக்குற நிலைமை! செல்லப்பா காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் கொட்டை எழுத்துல எழுதியே குடுத்தான். ஸ்வர்ணா ஃபோன்ல அண்ணனுக்கு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சா.

ரெண்டு நாள் கழிச்சு, அவ மீன் வாங்கப் போன நேரம் பாத்து, செல்லப்பா எழுதினான். 'மச்சான், வீட்டில் வெள்ளையடிக்கிறோம். சௌகரியப்படாது. மன்னிக்கவும்.' அனுப்பிட்டுக் கையைத் தட்டிக்கிட்டான். அடுத்த நிமிஷமே இங்கிலீஷ்ல ஒரு மெயில் வந்துச்சு. அனுப்பினவன் பேரு வாயிலயே நுழையலை. "பாரு, இத்தனை கட்டுக்காவலுக்கு நடுவுலயும் ஒருத்தன் வந்துட்டான்!" ஆவேசமா, படிக்காமலே குப்பைத்தொட்டியில போட்டான்.

பதினெட்டாம் தேதி. வாசல்ல டாக்ஸி. டாக்ஸிக்கு மேல நாலு அட்டைப்பெட்டி. உள்ளேருந்து நல்லசிவம், அவர் பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க.

"மச்சான்... நான் மெயில் போட்டேனே!"

"ஒண்ணும் வரலையே, மாப்பிள்ளை. ஆனா நீங்க சொன்னீங்களே பட்டியல், அதைப் போட்டதுலருந்து எங்க கம்பெனிக்கு ஒரு குப்பைகூட வர்றதில்ல. கெட்டிக்காரர்தான் நீங்க!"

செல்லப்பா உள்ள ஓடினான். குப்பைத்தொட்டியைக் கிளறினான். அந்த வாயில நுழையாத பேர்க்காரன் எழுதினது இதுதான்: 'உங்கள் கடிதம் திருப்பி அனுப்பப்படுகிறது. காரணம், நீங்கள் கறுப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். கேட்காமல் பலருக்கு மெயில் அனுப்புவதாக ஒரு புகார்.'

"நானா? நான் குப்பையா? அந்த ஒன்பது பொண்டாட்டிக்காரனும் நானும் ஒண்ணா? விசாரிக்க வேண்டாமா? ஒரு நியாயம் வேண்டாமா? எந்தப் பாவி புகார் குடுத்தான்?"

"நான்தான்," கதவோரமா நின்ன ஸ்வர்ணா மெதுவா சொன்னா. "மெதுவாப் பேசுங்க, அண்ணன் காதுல விழும். உங்க முன்னூத்தி இருபது பேர்ல நானும் ஒருத்திதானே? நாலு வருஷமா விடிஞ்சா குறுமிளகு விலை. ஒரு நாளாவது நான் மிளகு வித்துப் பாத்திருக்கீங்களா?"

செல்லப்பா நாற்காலியில தொப்புன்னு உக்காந்தான். கூடத்துலருந்து, "மாப்பிள்ளை, சீட்டு விளையாட்டு எந்தப் பக்கம் இருக்கு?"ன்னு குரல் வந்துச்சு.

"பட்டியல்லருந்து என் பேரு எப்பத்தான் போகும்?"

"அறுபது நாள்ல தானாப் போயிடுமாம், அந்தப் பக்கத்துலயே போட்டிருந்தது," அவ பிள்ளைங்களுக்குச் சாயா போடக் கிளம்பிட்டா. "அண்ணனும் அன்னிக்குத்தான் போறான்."