டோரீன் கடையின் தக்காளிச் செடி

நலிவுற்ற உள்ளூர் வணிகத்தைத் தாங்கிப் பிடிப்பது குடிமக்களின் தலையாய கடமை என்று எங்கள் ஹாம்பிள்விக் நகர்மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தாங்கிப் பிடிக்கப்பட வேண்டியவர் டோரீன் பில்பீம், ஊர்க்கோடியில் செடிக்கடை வைத்திருப்பவர். வசந்தம் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. போதாக்குறைக்கு சூப்பர் மார்க்கெட் வாசலில் பூச்செடியை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். இந்தக் கோடையிலும் செடி விற்காவிட்டால் கடையை மூடிவிட்டு லீட்ஸ் நகரில் தங்கை வீட்டோடு போய்விட வேண்டியதுதான் என்று டோரீன் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கைக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது.

ஆதரவு நல்கும் பணிக்கு க்ளைவ் பாட்டர்ஷா என்ற அதிகாரியை நியமித்தார்கள். அவர் அறைகூவல் விடுத்ததும் ஊரே திரண்டது. செடிக்கடைக்குப் போனால் முதலில் மூலையில் டோரீன் போட்டிருக்கும் டீ மேசையில் டீ குடிப்பதுதான் எங்கள் வழக்கம். குடித்தோம். ஸ்கோன் என்ற குட்டி ரொட்டியில் ஜாமும் க்ரீமும் அப்பித் தின்றோம். ரோஜாக்களைப் பார்த்து ஆகா ஓகோ என்றோம். வாங்கலாம் என்றுதான் இருந்தது, ஆனால் மழை வரும்போல் தெரிந்ததால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

க்ளைவ் காலிக் கோப்பைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஆதரவு பொங்கி வழிவதாக மன்றத்துக்கு அறிவித்தார். ஆதரவாளர்கள் உட்கார இடமில்லை என்பதால் ரோஜாக்களை அகற்றி மேசை போட்டார்கள். அப்புறம் லாவெண்டர் போனது. பிறகு கண்ணாடிக் குடில் முழுவதும் காலியானது.

டோரீனுக்குப் பொறுக்கவில்லை. "செடியையெல்லாம் எடுத்துட்டா நான் எதைங்க விக்கிறது?"

"நீங்க எதுக்கும்மா விக்கணும்?" என்றார் க்ளைவ். "உங்களை நாங்க ஆதரிச்சிட்டிருக்கோம். அதுக்குக் கொஞ்சம் ஒத்துழைங்க, போதும்."

ஒரு செடியாவது இல்லாவிட்டால் அதைச் செடிக்கடை என்று அழைக்க விதிகளில் இடமில்லையாம். அதனால் கல்லாவின் பக்கத்தில் ஒரே ஒரு தக்காளிச் செடியை மட்டும் விட்டுவைத்தார்கள். டோரீன் விடிந்ததும் அதற்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றுவார், பாவம்.

கோடை முடிவில் அந்தக் கடைக்கு மாவட்டத்தின் தலைசிறந்த செடிக்கடை விருது கிடைத்தது. கடையிலேயே நடந்த விழாவுக்குப் பூங்கொத்தை சூப்பர் மார்க்கெட்டிலிருந்துதான் வாங்கிவந்தோம். க்ளைவ் பேசிக்கொண்டிருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் நனைந்த கோட்டோடு உள்ளே வந்து, தக்காளிச் செடி கிடைக்குமா என்று கேட்டார்.

டோரீன் முகம் மலர்ந்ததை அந்தக் கோடையில் அன்றுதான் பார்த்தேன். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார்.

"அதைக் கீழ வைங்கம்மா," என்றார் க்ளைவ். "அது போயிட்டா இது செடிக்கடையே இல்ல. நாளையிலிருந்து ஆதரிக்க முடியாது."

டோரீன் எங்களைப் பார்த்தார். யாராவது ஒருவர் வாய் திறந்திருக்கலாம். என் வாயில் ஸ்கோன் இருந்தது. முன்மேசையில் உட்கார்ந்திருந்த மேவிஸ்தான் அந்த ஆளிடம் பக்குவமாகச் சொன்னாள்: "இது செடிக்கடைங்க. செடி வேணும்னா சூப்பர் மார்க்கெட்டுக்குப் போங்க."

டோரீன் தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மழை பெய்யுதே, உக்காருங்க," என்றார் வெளியூர்க்காரரிடம். "டீயா, காபியா?"