பனியாற்றுக்குப் போன இரண்டு அரைச் சோடிச் சப்பாத்து

மலையேறும் ஆசை எனக்கு மலையைப் பார்த்து வரவில்லை. பாரிஸில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மட்டன் ரோல்ஸுக்கு வரிசையில் நின்றபோது வந்தது. கடைக்கார அண்ணை ரோல்ஸ் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தங்கச்சி, உது உங்கட மச்சாளெல்லோ? ஐஸுக்கு மேல நிக்கிறா!"

தாரணியேதான். என் மாமாவின் மகள். என்னைவிடப் பதினொரு நாள் மூத்தவள். அந்தப் பதினொரு நாளை இருபத்துநான்கு வருடமாகத் துரத்துகிறேன், பிடிபடவில்லை. அவள் நடக்கத் தொடங்கியபோது நான் தவழ்ந்தேன். அவளுக்கு அரங்கேற்றம் நடந்த வருடம் எனக்குக் கணுக்கால் சுளுக்கியது. இப்போது ஆல்ப்ஸ் மலையில், பனியாற்றின் மேல், கையில் பனிக்கோடரியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தைக் கடைவரைக்கும் பரப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? என் அம்மா! (பெத்த தாய்!)

தாரணி போனது ஒரு நாள் பயணம் என்று விசாரித்து அறிந்தேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மூன்று நாள் பயணமொன்றைப் பதிவு செய்தேன். முதல் நாள் மலைக்குடில்வரை நடை. இரண்டாம் நாள் வழிகாட்டியோடு கயிறு கட்டிப் பனியாற்றைக் கடந்து, மறுபக்கத்து முகட்டில் ஏறி, அதே குடிலுக்குத் திரும்புவது. மூன்றாம் நாள் இறக்கம். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அவள் நின்ற இடத்தைவிட உயரத்தில், முகட்டில் நின்று ஒரு படம். விண்ணப்பத்தில் 'முன்னனுபவம்' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினேன். (பாரிஸின் மோன்மாத்ர் குன்றுப் படிக்கட்டு என்ன சும்மாவா?)

அம்மாவிடம் சொன்னேன்.

"மூண்டு நாளோ? அப்ப தாரணியையும் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு ஐஸில நடக்கத் தெரியும்."

"அம்மா, நான் தனியப் போறன்."

"ஓம், தனியப் போ. அவளோட தனியப் போ."

போனோம். முதல் நாள் நான் நடக்கவில்லை, ஓடினேன். வழிகாட்டி மத்தியூ ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். மெதுவாகப் போகச் சொல்லி இரண்டு தரம் கத்தினார். பின்னாலிருந்து தாரணியும், "உது ஓட்டப்போட்டி இல்லையடி!" என்றாள். "என்ர நடையே உப்பிடித்தான்," என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு, உருகிக்கிடந்த பனிக்குள் தொம் தொம்மென்று குதித்துப் போனேன். குடிலை அடைந்தபோது என் புதுச் சப்பாத்து இரண்டும் ஊறிப்போயிருந்தன.

குடில் வாசலில் சப்பாத்துகளுக்கென்று ஓர் அறை. அடுப்புச் சூட்டில் காயட்டும் என்று எல்லோரும் அங்கே கழற்றி அடுக்கிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். தட்டு நிறையச் சப்பாத்துகள். பாதிக்கு மேல் என்னுடையதைப் போலவே நீலம்.

அந்த இடத்தில்தான் என் கோயில் புத்தி விழித்துக்கொண்டது. ரூ பஜோல் பிள்ளையார் கோயிலில் ஒரு திருவிழாக் கூட்டத்தில் புதுச் சப்பாத்தைப் பறிகொடுத்து, வெறும் காலோடு மெட்ரோவில் வந்தவள் நான். அதற்குப் பிறகு நான் தவறாத விதி ஒன்று: சோடியைப் பிரித்து வை. ஒன்று இந்த மூலையில், மற்றது அந்த மூலையில். ஒற்றைச் சப்பாத்தை எந்தக் கள்ளனும் எடுக்கமாட்டான். ஆகவே வலதைத் தட்டில் வைத்தேன். இடதைப் பலசரக்குக் கடைப் பையில் சுற்றி, வெளியே விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்தேன். (ஊர் வாடையே இல்லாத மலையில் களவுப் பயம்!)

காலையில், வெயில் பனியை இளக்குமுன் புறப்பட எல்லோரும் தயார். நான் பையை எடுத்தேன். உள்ளே கருங்கல் இருந்தது. ஊறிய சப்பாத்து அப்படியே உறைந்து, கயிறு முள்ளுக்கம்பியாக விறைத்து நின்றது. சுவரில் அடித்துப் பார்த்தேன். சுவருக்குத்தான் நோகும் போலிருந்தது.

மத்தியூ வந்தார். சப்பாத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். "ஒன்று மட்டும் ஏன் வெளியே?"

கள்ளன், சோடி பிரித்தல், பிள்ளையார் எல்லாவற்றையும் பிரெஞ்சில் விளக்கினேன். குழு முழுவதும் வாய் திறந்து கேட்டது.

"இது இளக இரண்டு மணி நேரமாவது வேண்டும்," என்றார் அவர். "நாங்கள் பத்து நிமிடத்தில் போகிறோம். நீங்கள் குடிலிலேயே இருங்கள்."

தாரணி முகட்டுக்குப் போவாள். நான் செருப்போடு கையசைப்பேன். திரும்பிப் பார்த்தால் அவள் குனிந்து தன் சிவப்புச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடதை மட்டும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தானே. இந்தா."

"வேண்டாம்."

"பிடியடி விசரி! முகட்டைப் பாக்காட்டி நான் சாகமாட்டன். நீ செத்துப்போடுவாய்."

பெருந்தன்மையிலும் அவளே முதலிடம்! மறுக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். மூன்று விநாடி நினைத்திருப்பேன். பிறகு காலை நுழைத்தேன். என்னுடையதைவிட அது கச்சிதமாக இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

கயிறு கட்டும்போது மத்தியூ என்னைத் தனக்கு அடுத்ததாகக் கட்டினார். அடேயப்பா, அடுத்த தளபதி! நெஞ்சு விரிய நடந்தேன். பாதி வழியில், எனக்குப் பின்னால் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அன்பாகச் சொன்னார்: "பயப்படாதே மகளே. யாரைப் பற்றி அதிகக் கவலையோ, அவரைத்தான் வழிகாட்டி பக்கத்தில் கட்டுவார்."

முகட்டில் படம் எடுத்தேன். கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் குடும்பக் குழுவில் போட்டேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, அம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளை, நல்ல வடிவு. ஆனா ஏன் ஒரு கால் நீலம், ஒரு கால் சிவப்பு? உது தாரணியின்ர சப்பாத்தெல்லோ?"

அடுத்தது மாமா: "அப்ப பாதி இவள் போனவள். மிச்சம் பாதி என்ர மகள் போனவள்."

அந்தத் தீர்ப்பு இன்றுவரை மாறவில்லை. கலியாண வீடோ, பிறந்தநாளோ, நான் மலைக்கதையை எடுத்தால் போதும், "இதை உன்ர எந்தக் கால் சொல்லுது?" என்று யாராவது கேட்பார்கள். தாரணி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வருகிற ஆடியில் இருவரும் மறுபடி அங்கே போகிறோம். அவள் இன்னும் அந்த முகட்டைப் பார்க்கவில்லை. நானேதான் கூப்பிட்டேன். கயிற்றில் என்னை அவருக்கு அடுத்ததாக, அவளுக்கு முன்னால் கட்டும்படி மத்தியூவுக்கு எழுதியும் விட்டேன். அது யாருக்கான இடம் என்று தெரியும். தெரிந்துதான் கேட்டேன். முகட்டில் அவளுக்கு ஓர் அடி முன்னால் ஒரு கால் படவேண்டும். என் சொந்தச் சப்பாத்துக்குள் இருக்கும் என் இடது கால்.