தங்கத் துடுப்பு ஒன்றியமும் நிஸ்றாவின் சீதன வீடும்

"அவன் தாழயில்லடா. நிலத்துக்கு மரியாத செய்றான்."

"இடுப்பு மட்டும் கொங்கிறீட்டுக்குள்ள போய் நிக்கிறான். இதுவா மரியாத? இது பிழை மச்சான். சுத்தப் பிழை."

"அந்தச் சொல்ல இந்த வீட்டுக்குள்ள சொல்லாத, றுஸ்தி."

"பிழை, பிழை, பிழை. மூணு தரம் சொல்லிட்டன். என்ன செய்யப்போறாய்?"

"ஒன்றியத்து அறிக்கைப் புத்தகத்தில எழுதுவன்."

மனித குலத்தின் சகிப்புத்தன்மைக்கு ஒரு தலைநகரம் அமைக்க வேண்டி வந்தால், அது காத்தான்குடியில், வாவிப் பக்கம் போகும் எங்கள் ஒழுங்கையில், றிஸானின் முன்னறையில்தான் அமைய வேண்டும். மேற்படி விவாதத்தை நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை. மதில் ஒற்றைக்கல் மதில் என்பதால் அது தானாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது.

நிலத்துக்குள் இடுப்புவரை போய் நின்றவர் கப்டன் மோர்கோ. ‘தங்கத் துடுப்பு’ என்ற வீடியோ கேமின் நாயகன். றிஸானும் றுஸ்தியும் பத்து வயது தொடங்கிப் பதினைந்து வயதுவரை, பின்னேரக் குர்ஆன் ஓதல் முடிந்ததும் தொப்பியைக் கழற்றாமலே கேம் கடைக்கு ஓடி, முதலாம் துடுப்பிலிருந்து நாலாம் துடுப்புவரை அவரோடு கடல் கடந்தவர்கள். கூடப்பிறந்த காக்கா, அதாவது அண்ணன், இல்லாத றிஸானுக்கு அவர்தான் ‘மோர்கோ காக்கா’. பதினேழு வருடம் கழித்து ஐந்தாம் துடுப்பு வெளிவந்தபோது றிஸானுக்கு வயது முப்பத்திரண்டு, கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. பழைய மெட்டு மீண்டும் ஒலித்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் நாங்கள் குறை காண மாட்டோம்.

ஐந்தாம் துடுப்பில் காக்கா பேசினால் வாய் அசையாது. மீசை மட்டும் ஒரு சாண் தள்ளி நின்று அசையும். கழுதை ஆகாயத்தில் மேயும். எதிரி வாளை உருவிக்கொண்டு பாய்ந்து வந்து, சுவரைப் பார்த்தபடி நின்று, காக்கா முதுகில் தட்டும்வரை பொறுமையாகக் காத்திருப்பான். ஓர் அறைக்கதவைத் திறந்தால் உள்ளே கடல் இருக்கும். இவை எல்லாவற்றையும் றிஸான் இரண்டு மாதம், நாளுக்கு மூன்று மணித்தியாலம், முகம் மலர அனுபவித்தான்.

அனுபவித்ததோடு நிற்கவில்லை. ‘அகில இலங்கைத் தங்கத் துடுப்பு அபிமானிகள் ஒன்றியம்’ உதயமானது. தலைவர் றிஸான், செயலாளர் றுஸ்தி, வேறு அங்கத்தவர்கள் இல்லை. தீர்மானம் இலக்கம் ஒன்று: இனிமேல் ‘பிழை’ என்ற சொல் பாவிக்கப்படலாகாது, அதற்குப் பதிலாக ‘விசேஷம்’ என்பது பாவிக்கப்படும். ஆதரவாக ஒரு வாக்கு, எதிராக ஒரு வாக்கு. தலைவரின் மேலதிக வாக்கினால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இந்த உயர்ந்த பயிற்சி வீண்போகவில்லை. றிஸானின் மூத்த சகோதரி, றஸீனா ராத்தா, அவனுக்கு ஒரு கலியாணம் பேசியிருந்தாள். பெண் நிஸ்றா, மஜீட் ஹாஜியாரின் கடைசி மகள், கணித டீச்சர். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவார். பெண்ணுக்கு ஒரு வீடு எழும்பாமல் கலியாணம் எழும்பாது. ஹாஜியாரும் வாவிக்கரையில் ஒரு மாடிவீடு கட்டினார். கட்டியவர் அவருடைய சாச்சியின், அதாவது சின்னம்மாவின், மகன், ஏறாவூர் மேசன் பாறூக் பாஸ். சொந்தக்காரன் கட்டியதைக் குறை சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

வழக்கம் தெரியாதவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். முதலாவதாகப் பேசிய மாப்பிள்ளையின் மாமா வீட்டைப் பார்க்க வந்து சுவரில் சாய்ந்தார். சுவரும் அவரில் சாய்ந்தது. இரண்டாவது மாப்பிள்ளையின் மாமா நடு மண்டபத்தில் ஒரு தேசிக்காயை வைத்தார். அது தானாக உருண்டு, முன்வாசலைக் கடந்து, வாவிப் பக்கம் போய்விட்டது. மாமாவும் அதன் பின்னாலேயே போனவர், திரும்பி வரவில்லை.

மூன்றாவது முறை றிஸானுடையது. பெண் பார்க்கப் போன அன்று நிஸ்றா, தானும் சின்ன வயதில் இரண்டாம் துடுப்பு விளையாடியதாகச் சொன்னாள். "அந்தச் சுழியில இடப்பக்கம் அமத்திப் புடிச்சாத்தான் தப்பலாம், என்ன?" என்று அவள் கேட்ட இடத்திலேயே றிஸானின் கதை முடிந்தது. இவள் இல்லாவிட்டால் தனக்கு வேறு எவளும் வேண்டாம் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டான்.

வீடு பார்க்கும் நாளுக்கு முதல்நாள் நிஸ்றா அவனுடைய போனுக்குக் குரல் அனுப்பினாள்:

"நாளைக்கு வீட்டப் பாக்க வாறீங்களாம். உள்ளத உள்ளபடி வாப்பாக்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா, புள்ளைக்கு என்ன தெரியும் எண்டுவார். மாப்புள சொன்னா ஒடச்சித் திருப்பிக் கட்டுவார். கடைசி மட்டும் நான் இரிக்கப்போற வீடு அது."

றிஸான் அதை மூன்று தரம் கேட்டான். குரல் மிகவும் பிடித்திருந்தது. ஒரு பெருவிரலை அனுப்பிவைத்தான்.

றஸீனா வேறு விதமாக அறிவுறுத்தினாள். "வாயத் திறந்து குறையொண்டும் சொல்லிப்போடாத. மூணாவதும் குழம்பிச்செண்டா அந்தப் புள்ளட பேருதான் கெடும்."

அடுத்த நாள் அவன் றுஸ்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஹாஜியார் வாசலிலேயே வியர்த்துக்கொண்டு நின்றார்.

"தரை கொஞ்சம் வாவியப் பாத்துக் கிடக்கு, மகன்."

"கழுவினா தண்ணி தானாப் போயிரும் மாமா. விசேஷம்."

ஹாஜியாரின் முகத்தில் இரண்டு வருடத்துக்குப் பிறகு முதற்தடவையாக இரத்தம் ஓடியது. மாடிப்படியைக் காட்டினார். படியில் ஏறுகிறவரின் நெற்றிக்கு நேரே குறுக்காக ஒரு வளைமரம்.

"குனிஞ்சுதான் ஏறணும், மகன்."

"பணிவு நல்லதுதானே மாமா."

"பணியாதவனுக்கு?" என்று றுஸ்தி நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டான்.

மேலே ஹாஜியார் ஒரு கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் பல்கணி இல்லை. வாவி இருந்தது. ஒரு தோணிக்காரர் வலையை விட்டுவிட்டு இவர்களை அண்ணாந்து பார்த்தார். றிஸானுக்கு நெஞ்சு விம்மியது.

"இதே கதவு, மாமா. அஞ்சாம் துடுப்பில இதே கதவுதான். தொறந்தாக் கடல்." காலை எடுத்து வைக்கப் போனவனை றுஸ்தி சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்தான்.

"பாறூக்கு இதக் கேட்டா அழுதிருவான், மகன்" என்று ஹாஜியார் மருமகனைக் கட்டிப்பிடித்தார்.

கீழே இறங்கினார்கள். தேத்தண்ணியோடு நிஸ்றா வர வேண்டிய கட்டம். குசினிக் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து இரண்டு தரம் இழுக்கும் சத்தம் கேட்டது.

"மழைக்கு ஊதிரிக்கி" என்றார் ஹாஜியார்.

"மழ பேஞ்சி நாலு மாசம், மாமா" என்றான் றுஸ்தி.

றிஸான் ஒன்றியத்தின் தலைவராக எழுந்து நின்றான். "இது பாதுகாப்பு மாமா. கள்ளன் உள்ளுக்கு வர ஏலாது."

"உள்ளுக்கு இரிக்கிறவள் வெளிய வரவும் ஏலாது" என்றது கதவு. அதாவது கதவுக்குப் பின்னாலிருந்த நிஸ்றா.

"நாங்க பேசிக்கிட்டிருக்கம், மகள்."

"நானும் பேசத்தான் போறன், வாப்பா. அஞ்சாம் துடுப்பு விளையாடினீங்களாம், றிஸான். எப்படி?"

"அருமை."

"எனக்கும் நல்ல விருப்பம். முடிச்சிட்டு மறுகாத் தொடங்கிருக்கன். எத்தின பிழை கண்டீங்க?"

"பிழையெண்டு ஒண்டும்..."

"நான் நாப்பத்தொண்டு கண்டன். எழுதிக் கம்பனிக்கு அனுப்பிருக்கன். விருப்பமில்லாத சாமானுக்கு ஆர் மெனக்கெட்டு எழுதுவாங்க? இப்ப சொல்லுங்க. இந்தக் கதவில என்ன பிழை?"

அந்தச் சொல் றிஸானின் தொண்டைவரை வந்தது. மூன்றெழுத்து இல்லை, இரண்டெழுத்துத்தான். எதிரே ஹாஜியார் கண்ணில் நீரோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தாவின் எச்சரிக்கை காதில் கேட்டது. தான் சொல்லாமல் விட்டால் அவளை இழந்துவிடலாம் என்பது அவனுக்கு அந்த நிமிடத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆனால், இரண்டு மாதம் பூட்டி வைத்த சொல் அவ்வளவு கெதியாக வெளியே வராது.

"கதவில ஒண்டுமில்ல" என்றான். "கொஞ்சம் விசேஷம்."

உள்ளே தட்டு மேசையில் வைக்கப்பட்டது. நிஸ்றா குசினி யன்னலால் இறங்கி, கிணற்றடியைச் சுற்றி, முன்வாசலால் வந்து நின்றாள்.

"வாப்பா, இந்த மாப்புள வேணாம்."

"இந்த வீட்டப் புடிச்ச ஒரே ஆள் இவர்தானே, மகள்."

"அதாலதான்."

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யன்னலால் இறங்கிய மகளைப் பார்த்த பிறகு ஹாஜியார் வீட்டில் பாதியை உடைத்தார். நிஸ்றா ஓட்டமாவடி ஸாஹிரைக் கலியாணம் முடித்தாள். அவர் வீடு பார்க்க வந்த அன்றே மூன்று பக்கத்துக்குக் குறை எழுதிக் கொடுத்த மனிதர். றுஸ்தி செயலாளர் பதவியை இராஜினாமாச் செய்துவிட்டுக் கட்டாருக்குப் போனான். தன் வேலையின் அருமை தெரிந்த ஒரேயொரு மனிதர் உலகத்தில் இருப்பதைக் கேள்விப்பட்ட பாறூக் பாஸ், தன் மகள் றிஸ்லாவையே றிஸானுக்குக் கொடுத்தார். சீதன வீட்டைத் தன் கையாலேயே கட்டினார். றிஸான் ஏறாவூருக்குக் குடிபோனான். மண்டபத்துக்குள் குடை பிடித்தபடி அவன் ஐந்தாம் துடுப்பு விளையாடுவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் சிறுவர் வாசிகசாலை திறந்தோம். கட்டியவர் பாறூக் பாஸ். பார்வையிட்டு நற்சான்று வழங்க நாங்கள் ஏகமனதாக அழைத்தது றிஸானை. அவன் தலைக்கு மேலே கொங்கிறீட் தட்டில் இருந்த வெடிப்பைப் பார்த்துக் கண்கலங்கிக் கையெழுத்திட்டான். நாங்களும் அந்த வெடிப்பைப் பார்த்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கட ஆள் கட்டினதுதானே என்று கைதட்டினோம். நிஸ்றா மட்டும் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள். "அவளுக்கு எதிலயும் குறைதான்" என்று சொல்லிவிட்டு, எங்கள் பிள்ளைகளை உள்ளே அனுப்பினோம்.