டெஸ்டர் டிக் அடித்த பத்திரிகை

கள்ளக்குறிச்சியில் டெஸ்டர் கைபடாமல் அச்சான கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட உருப்பட்டதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். எங்கள் தெருவுக்கெல்லாம் வயரிங் வேலை செய்கிறவர். சட்டைப் பையில் டெஸ்டர் செருகாமல் சாமி கும்பிடக்கூடப் போகமாட்டார், அதனால் அந்தப் பெயர். அவர் கைவைத்த எங்கள் வீட்டில் சமையல்கட்டு சுவிட்சைப் போட்டால் இன்றைக்கும் வாசல் விளக்குதான் எரிகிறது. ஆனால் பத்திரிகை தேர்ந்தெடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று தெருவே நம்பியது. நம்பாதவர்களை அவர் விடுவதில்லை.

போன வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. யாரும் கூப்பிடாமலே, கார்டு கடையில் எங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் கடைக்காரர் விலை கூடின சாம்பிள்களை அவசரமாக உள்ளே எடுத்து வைத்தார். அனுபவப்பட்ட மனிதர்.

டெஸ்டர் முதலில் கடையின் ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு கார்டாக எடுத்து முகத்துக்கு நேரே விசிறிப் பார்த்தார்.

"மண்டபத்துல கரண்டு போச்சுன்னா ஜனங்க இன்னாத்த வெச்சி விசிறிக்கும்?"

எலக்ட்ரீஷியனே இப்படிக் கேட்டால் நாங்கள் என்ன பதில் சொல்வது? அடுத்து, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே குழைத்த மஞ்சள். பளபள கார்டின் நாலு மூலையிலும் தடவினார். மஞ்சள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு கடைக்காரர் மேஜையில் இறங்கியது. மஞ்சள் பிடிக்காத கார்டில் மங்களம் எங்கிருந்து வரும் என்று அதைத் தள்ளிவிட்டார். தங்கை ஆசைப்பட்டது வெல்வெட் பூ ஒட்டிய கார்டு. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தார். கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் பையில் அது கசங்கக் கூடாதாம். வெல்வெட் பூ இரண்டாவது வளைவிலேயே உதிர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் தடிமனான ஒரு மஞ்சள் கார்டு தேறியது. அப்புறம் எழுத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெரியவர்களாகப் பார்த்து டீக்கடையில் பிடித்துப் படிக்கச் சொன்னார். பெரியவர் தடுமாறினால் எழுத்தைப் பெரிசாக்கு என்பார். எழுத்து பெரிசானால் இடம் பற்றாது, ஒரு வரியை வெட்ட வேண்டும். முதலில் மாப்பிள்ளையின் பட்டம் போனது. பிறகு விருந்து நேரம் போனது. அதற்குப் பிறகு என்ன போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்காமல் போனதற்கு நாங்களும் காரணம். புரூஃப் வீட்டுக்கு வந்தபோது இருபத்துமூன்று பேர் படித்தார்கள். பெரியப்பா தன் பெயர் சித்தப்பா பெயருக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்தார். சித்தப்பா தனக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணினார். அத்தை தன் நாலு பிள்ளைகளின் பெயரையும் விரல் வைத்துத் தேடினாள். எல்லாருக்கும் திருப்தி. டெஸ்டர் குறுக்கே பெரிதாக ஒரு டிக் அடித்தார். ஐநூறு பத்திரிகை அச்சாகி வந்தது.

முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைக்கக் கச்சிராயபாளையம் பக்கம் போனோம். பூசாரி சாமிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். படித்து முடித்துவிட்டுப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. கல்யாணம் எங்க நடக்குதுன்னு சாமிகிட்ட இன்னான்னு சொல்றது?"

மண்டபத்தின் பெயரே இல்லை.

சாமிக்கு வைத்த பத்திரிகையை மாற்றி அடிப்பது அபசகுனம் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். ஒட்டுப் போடவும் கூடாதாம். எங்கள் ஊரில் மண்டபங்களுக்கா பஞ்சம்? எங்கள் சொந்தக்காரர்கள் எந்த மண்டபத்தில் போய் யாரை வாழ்த்துவார்களோ என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதுவும் கரும்பு வெட்டு நேரம், வழி தெரிந்தாலே ஜனங்கள் வருவது கஷ்டம். யாருமே வரப்போவதில்லை என்று தங்கை அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத பாப்பா," என்றார் டெஸ்டர். "கார்டுல இல்லன்னா இன்னா? நான் வந்து வூடு வூடா சொல்றேன்."

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பிவிடலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். டவுன் பஸ்ஸில் வருகிற ஜனங்களுக்கு அது எதற்கு என்று என் வாயை அடைத்துவிட்டார். பதினைந்து நாள் வேலை வெட்டியை விட்டுவிட்டு எங்களோடு அலைந்தார். அம்மா குங்குமம் கொடுப்பாள், அப்பா தட்டை நீட்டுவார், டெஸ்டர் மண்டபத்துக்கு வழி சொல்வார். சங்கராபுரம் ரோட்டில் எந்த ஸ்டாப்பில் இறங்கி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னதோடு விடவில்லை, திருப்பி ஒப்பிக்கச் சொன்னார். மணலூர்பேட்டையில் ஒரு பெரியம்மா மூன்றாவது தடவைதான் பாஸானார். மலையில் ஒரு வீடு பூட்டியிருந்ததால் அக்கம்பக்கத்து ஆறு வீட்டாருக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் கூப்பிடாதவர்களுக்கும் வழி மனப்பாடமாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பால் வாங்கப் போன அம்மா அவர் மனைவியைப் பார்த்து, நாளைக்கு விடியலிலேயே வந்துவிடச் சொன்னாள். அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எல்லா வூட்டுக்கும் வெச்சீங்க. எங்க வூட்டுக்கு இன்னும் பத்திரிக வெக்கலீங்களே. எப்பிடிப் போறதுன்னு அவுரு கேக்கறாரு."

எங்களுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உடனே தட்டை எடுத்தோம். கவரில் பெயர் எழுத அப்பா பேனாவைத் திறந்து, 'திரு' என்று போட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷப் பழக்கம், அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இனிமேல் போய்க் கேட்கவும் வெட்கம். 'திரு. டெஸ்டர் அவர்கள் குடும்பத்தினர்' என்று எழுதினார்.

பனியனோடு கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு வந்து, மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பதினைந்து நாள் அவர் சொல்லக் கேட்ட பழக்கதோஷத்தில் அப்பா மண்டபத்துக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். டெஸ்டர் குறுக்கே பேசாமல், முதல் தடவை கேட்கிறவர்போல, கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்.

மறுநாள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்னால், சலவைச் சட்டையில், மனைவியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார் டெஸ்டர். சொல்வதற்கென்ன, அன்றைக்கு எனக்கு மாப்பிள்ளை வந்ததைவிட அவர் வந்ததில்தான் சந்தோஷம்.