காலை ரயிலில் வீட்டுப்பாடம்

தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறி உட்கார்ந்ததுமே தம்மபாலனின் போன் கூவியது. பத்து இங்கிலீஷ் சொற்கள். அடுத்த ஸ்டேஷன் ஊரிகம் தாண்டுவதற்குள் பதில் போடாவிட்டால் சிவப்புக் குறி விழும்.

மகள் தென்றல் ஆறாம் வகுப்பு. பாதிப் பாடம் வகுப்பில், பாதி போனில் என்று பள்ளியில் புது ஏற்பாடு. அவள்தான் அந்தப் பாடத்தை அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு இருப்பதோ ஒரே போன். அதுவும் அப்பாவோடு தினமும் செக்யூரிட்டி வேலைக்குப் பெங்களூர் போய்விடும். பெற்ற பிள்ளைக்குச் சிவப்புக் குறி விழுவதை எந்தத் தகப்பன் பொறுப்பான்? அவரே பதில் போட்டார்.

"இன்னாண்ணா, பொண்ணு பாடத்த நீ எழுதிக்கினு கீற?" என்றான் எதிர் சீட்டு ஏசுபாதம். "அப்படியே நீயும் கத்துக்கோ. சூப்பர்வைசர் ஆயிடலாம்."

"எனக்கு இன்னாத்துக்குடா? புக்கத் தொறந்தாலே தூக்கம் வருது. 'அப்பாயின்ட்மென்ட்'னா இன்னா, அதச் சொல்லு."

விசிட்டர், பெர்மிஷன், என்கொயரி என்று வரிசையாக வந்தன. ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையைக் கேட்டில் காவலுக்கு நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறதே என்று அவருக்கு எரிச்சல்கூட வந்தது.

மதிப்பெண் எகிறியது. எகிறியதும் பாடம் கடினமானது. சொற்களை வாயால் சொல்லி அனுப்பச் சொன்னார்கள். தம்மபாலன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பெண்பிள்ளைக் குரலில் "அக்னாலெட்ஜ்மென்ட்" என்று கீச்சிட்டார். பெட்டியே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தக் கீச்சுக்கும் நூற்றுக்கு நூறு! கூடவே ஒரு செய்தி: முதல் பரிசு. சனிக்கிழமை விழாவில் மேடையேறிப் பத்துச் சொற்கள் சொல்ல வேண்டும்.

மேடையில் தென்றல் என்ன சொல்வாள்? வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்தார்.

"தென்றலு, 'என்கொயரி'ன்னா இன்னாம்மா?"

"நீயே சொல்லுப்பா" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போச்சு, இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊர் பார்க்கப் பிள்ளை மேடையில் திருதிருவென்று முழிக்கப் போகிறாள். எல்லாம் தன்னால்தான். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மகளோடு பள்ளிக்குப் போனார். வாசலில் மமதா டீச்சர், "வாங்க சார், தொண்டை சரியாயிடுச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். தம்மபாலனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் அவர் இல்லை.

பரிசு அறிவிக்க டீச்சர் மைக்கை எடுத்ததும் விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டார்.

"மேடம், தப்பு எம்மேலதான். பதிலெல்லாம் நான் போட்டது. அந்தக் கொரலும் என்துதான். எம் பொண்ணுக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவள மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க!"

முன்வரிசையில் தென்றல் முகத்தை மூடிக்கொண்டாள்.

மமதா டீச்சர் சான்றிதழை அவர் கையில் வைத்தார்.

"இது பெத்தவங்களுக்கு நடத்துற இங்கிலீஷ் வகுப்பு. பதில் நீங்கதானே சார் போடணும்? அப்பாவுக்கு டியூட்டின்னு சொல்லி, சனிக்கிழமை சனிக்கிழமை உங்க பெஞ்சுல வந்து உட்கார்ந்தது மட்டும்தான் தென்றல்!"